மலைக்கு இறக்கம் உண்டு, எதிர்காற்றுக்கு இல்லை

சைக்கிளில் நெடும்பயணம் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "மலைப்பாதை வருமா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இல்லை, முழுக்கச் சமவெளிதான் என்றால் "அப்ப ஈஸிதானே" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினேன் என்பவனுக்குக் கிடைக்கிற மரியாதை, ஆடி மாதத்தில் நாங்குநேரி தாண்டி நேர் ரோட்டில் மிதித்தேன் என்பவனுக்குக் கிடைப்பதில்லை.

என் கட்சி வேறு. சமவெளியில், எதிர்காற்றில், ஒரு முழு நாள் மிதிப்பது மலையேற்றத்தைவிடக் கஷ்டம். இது முதல் வாதம். இரண்டாவது வாதம் கொஞ்சம் சண்டைக்கு இழுக்கும். அப்படிப்பட்ட நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட இலக்கை முடிப்பவனைவிட, சரியான இடத்தில் சைக்கிளை நிறுத்துபவன்தான் நல்ல பயணி. இரண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் பி.காம். மாணவன் என்பதால் நடுநடுவே கணக்குப் புத்தக வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் மலை. மலையில் ஏறும்போது நீங்கள் செலவழிக்கும் சக்தி எங்கேயும் போய்விடுவதில்லை. உயரமாக மாறி உங்கள் கணக்கில் வரவாகிறது. உச்சியைத் தொட்டபின் அதை இறக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். பிரேக்கிலும் காற்றிலும் கொஞ்சம் கழியும், ஆனாலும் பெடலைத் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து வரும் சுகம் இருக்கிறதே, அது போட்ட முதலுக்கு வந்த வட்டி. தவிர, மலையில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். கீழே விட்டுவந்த வளைவு தெரியும், மேலே ஏற வேண்டிய வளைவு தெரியும். 42-வது வளைவு, 43-வது வளைவு என்று போர்டே வைத்து எண்ணிக் கொடுக்கிறார்கள்.

எதிர்காற்றில் இந்த இரண்டும் கிடையாது. செலவழித்த சக்தி செலவழித்ததுதான், எந்த உச்சியிலும் சேர்வதில்லை. அரை மணி நேரம் மிதித்தபின் பார்த்தால் அதே ரோடு, அதே பொட்டல், அதே பனைமரம். காலை ஒன்பது மணிக்கு வலது பக்கம் தெரிந்த மலை மதியம் ஒரு மணிக்கும் அதே இடத்தில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதில் எவ்வளவு இழப்பு என்று ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. எங்களோடு வந்த நண்பன் ஒருவன் பிசிக்ஸ் படிக்கிறவன், அவன் போட்டுக் கொடுத்தது. ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்த்து 95 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத நாளில், நல்ல தார் ரோட்டில், மணிக்கு 20 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 100 வாட் சக்தி வேண்டும். சராசரி ஆள் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு இது. இப்போது எதிரே மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது. நம் முகத்தில் படுகிற காற்று 40 ஆகிவிடுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் தடை நான்கு மடங்கு. அதே 100 வாட்டில் மிதித்தால் வேகம் 11 கிலோமீட்டருக்கு வந்துவிடும். காற்று 30 ஆனால் 8 கிலோமீட்டர்தான். 8 கிலோமீட்டர் என்பது வேகமாக நடப்பவனைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. வேகத்தைக் குறைக்காமல் 20-லேயே போவேன் என்று 20 கிலோமீட்டர் காற்றில் அடம்பிடித்தால் கிட்டத்தட்ட 290 வாட் வேண்டும். அது பயிற்சி பெற்ற பந்தய வீரர்களின் கணக்கு, விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்த கால்களுக்கு ஆகாது.

"போகும்போது எதிர்காற்று என்றால் திரும்பும்போது பின்காற்று, சரிக்குச் சரி ஆகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. பின்காற்றில் வேகம் 32 வரை போகும், உண்மை. 60 கிலோமீட்டர் போய் 60 கிலோமீட்டர் திரும்புவதாக வையுங்கள். காற்றில்லாத நாளில் மொத்தம் ஆறு மணி நேரம். காற்றுள்ள நாளில் போக ஐந்தரை மணி, திரும்ப இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக ஏழு மணி நேரத்துக்கு மேல். 11-ஐயும் 32-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் இருபத்தொன்றரை வருகிறது, பார்க்க லாபம் மாதிரி இருக்கிறது. வேகத்துக்குக் கூட்டுச் சராசரி போடக்கூடாது, இசைச் சராசரி போட வேண்டும் என்று வணிகப் புள்ளியியலில் சொல்லிக் கொடுத்தார்கள். எதற்கு இதெல்லாம் என்று வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் ஒருமுறை எதிர்காற்றில் போய்வர வேண்டும், ஜென்மத்துக்கும் மறக்காது. மெதுவாகப் போகிற தூரத்தில்தான் நேரம் அதிகம் கழிகிறது, அதுதான் சராசரியைக் கீழே இழுக்கிறது.

எல்லாச் சமவெளியிலும் இப்படியா என்றால், காற்றுக்கு வாசல் திறந்துவைத்த சமவெளிகள் என்று சில உண்டு. நம் தெற்குச் சீமை அதில் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து முட்டுகிறது. மலை முழுக்கச் சுவராக இருந்தால் பரவாயில்லை. பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் இடைவெளி இருக்கிறது. அகலமான வாய்க்கால் தண்ணீர் குறுகலான மடையில் பாய்வது மாதிரி, காற்று அந்த இடைவெளியில் வேகம் பிடித்துக் கிழக்கே பாய்கிறது. மழையை மலையின் அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வருவதால் இந்தப் பக்கம் வருவது வறண்ட காற்று. குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் கயத்தாறில் புழுதி பறக்கும். கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நட்டிருப்பது சும்மா இல்லை. முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் நிற்கின்றன, இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் இருக்கிற ஆற்றல் எட்டு மடங்கு ஆகும் என்கிற விதிதான் அங்கே முதலீடு செய்தவர்களின் லாபக் கணக்கு. சைக்கிள்காரன் அந்தக் கணக்குக்குப் பற்றுப் பக்கத்தில் நிற்கிறவன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த வழியாகத்தான் நாங்கள் மூன்று பேர் போனோம். திருச்சியில் புறப்பட்டு மூன்றே நாளில் கன்னியாகுமரி என்பது திட்டம். முதல் நாள் மதுரை, இரண்டாம் நாள் கோவில்பட்டி, மூன்றாம் நாள் அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர், நேராகக் குமரிமுனை. முதல் இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பஞ்சர், நிறைய இளநீர், சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு படுத்தோம்.

மூன்றாம் நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து கிளம்பினோம். ஒன்பது மணிக்கு முன்னாலேயே திருநெல்வேலி. 55 கிலோமீட்டர் முடிந்துவிட்டது, மிச்சம் 85 தானே, மூன்று மணிக்குக் கடலில் கால் நனைக்கலாம் என்று பேசிக்கொண்டே இட்லி சாப்பிட்டோம். பாளையங்கோட்டையைத் தாண்டி நான்கு வழிச்சாலை ஏறியதும் காற்று பிடித்துக்கொண்டது. முதலில் வலது தோளில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. பத்து மணிக்கு மேல் அந்தக் கை நெஞ்சுக்கு வந்தது. நாங்குநேரி 30 கிலோமீட்டர்தான், போய்ச் சேர பன்னிரண்டே கால். வள்ளியூர் பக்கம் வரும்போது ஒன்றேமுக்கால். பேச்சு எப்போதோ நின்றுபோயிருந்தது. காதில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் கேட்காது, பக்கத்தில் வருபவன் கத்தினாலும் பாதிதான் வரும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த ரோட்டில் காற்று நேர் எதிரே வருவதில்லை, வலது பக்கம் முன்னாலிருந்து சாய்வாக வருகிறது. அதைச் சமாளிக்க நம்மை அறியாமலே உடம்பும் சைக்கிளும் வலது பக்கம் சாய்ந்து போகும். நம் ஊரில் இடது ஓரம் போகிறோம், பஸ்ஸும் லாரியும் நம்மை வலது பக்கத்தில்தான் தாண்டுகின்றன. ஒரு பஸ் தாண்டும்போது என்ன ஆகிறது? அந்த இரண்டு மூன்று விநாடிக்குக் காற்றை பஸ் மறைத்துவிடுகிறது. சாய்ந்து நிற்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று இல்லை. சைக்கிள் தானாக வலது பக்கம், அதாவது பஸ் இருக்கும் பக்கமே இழுக்கும். பஸ் போனதும் காற்று மறுபடி அறைந்து இடது பக்கம் மண்ணில் தள்ளும். தெம்பாக இருக்கிறவன் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துத் திருத்திக்கொள்வான். ஏழு மணி நேரம் மிதித்துக் களைத்தவனுக்கு அந்த அரை விநாடி தாமதமாகும். மலைப்பாதையில் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. சமவெளியில் ஆபத்து இப்படித் தாண்டிப் போகிற ஒவ்வொரு வண்டியோடும் வந்து போகிறது.

ஒருவன் பின்னால் ஒருவன் ஒட்டிப் போனால் பின்னால் வருபவனுக்குச் சுலபம் என்பது தெரிந்ததுதான், மூன்றில் ஒரு பங்கு வரைகூட உழைப்பு மிச்சமாகும். முறை வைத்து மாற்றி மாற்றி முன்னால் போனோம். ஆனால் சாய்வுக் காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைக்காது, இடது பக்கம் தள்ளிப் பின்னால் கிடைக்கும். அப்படிப் போக வேண்டுமானால் முன்னால் போகிறவன் லாரி ஓடுகிற பக்கம் நகர்ந்து இடம் விட வேண்டும். பந்தயத்தில் ரோட்டையே அடைத்துக்கொண்டு போவார்கள், சரி. தேசிய நெடுஞ்சாலையில் அது தற்கொலை. ஆகவே மூன்று பேரும் இடது ஓரமாக நேர் வரிசையில், பாதி மறைவிலேயே போனோம்.

பணகுடியை எட்டியபோது மூன்றரை மணி. அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் என் வகுப்புத் தோழனைச் சரியாகப் பார்த்தேன். அந்த வெயிலில் அவன் கை மயிர்கள் குத்திட்டு நின்றன. தலைவலி என்றான். டீ வேண்டாம், குமட்டுகிறது என்றான். என்ன கேட்டாலும் ஒரு கணம் கழித்தே பதில் வந்தது. வறண்ட காற்று செய்கிற மோசடி இது. வியர்வை வெளியே வருவதற்குள் காய்ந்துவிடுவதால் சட்டை நனைவதில்லை. நனையாததால் தண்ணீர் போனதே தெரிவதில்லை. உள்ளே நீரும் உப்பும் வற்றிக்கொண்டே இருக்கும், வெளியே காற்று சிலுசிலுவென்று நன்றாகத்தான் இருக்கும்.

மிச்சம் சுமார் 30 கிலோமீட்டர். ரோட்டோரக் கடையில் மூன்று பேருக்குள் சண்டை தொடங்கியது. தலைவலிக்காரனே போகலாம் என்றான். "மூணு நாளா 345 கிலோமீட்டர் மிதிச்சாச்சு, கடைசி முப்பதுக்கு உக்காந்தா அத்தனையும் வேஸ்ட்டுடா. மூணு நாள்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கோம்" என்பது அவன் வாதம்.

பி.காம். படிக்கிற எவனும் இந்த வாதத்தைக் கேட்டதும் எழுந்து நிற்க வேண்டும். இதற்குப் பெயர்தான் சங்க் காஸ்ட், மூழ்கிய செலவு. ஏற்கெனவே செலவழித்து, இனி எப்படி முடிவெடுத்தாலும் திரும்ப வராத பணத்தை அடுத்த முடிவுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது பாலபாடம். பாதி கட்டிய தொழிற்சாலையை முடிப்பதா விடுவதா என்று கேட்டால், இதுவரை போட்ட கோடிகளைப் பார்க்காதே, இனி போடப்போவது எவ்வளவு, இனி வரப்போவது எவ்வளவு என்று மட்டும் பார் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். அந்த 345 கிலோமீட்டரும் அப்படித்தான். நாங்கள் போனாலும் நின்றாலும் அது நடந்து முடிந்தது, யாரும் பிடுங்கிக்கொள்ளப்போவதில்லை.

ஆகவே இனி வரும் கணக்கை மட்டும் போட்டோம். காவல்கிணறு விலக்குக்குப் போகப்போக ஆரல்வாய்மொழிக் கணவாய் நெருங்கும், காற்று கூடுமே தவிரக் குறையாது. மணிக்கு 8 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். ஏழு மணிக்குள் இருட்டிவிடும். இருட்டில், நெடுஞ்சாலையில், பஸ் தாண்டும்போதெல்லாம் தடுமாறுகிற சைக்கிளில், குமட்டலோடு ஒருவன். எதிர்ப் பக்கத்தில் லாபம் என்ன? "மூன்று நாள்" என்கிற ஒரு சொல். அதே 30 கிலோமீட்டரை மறுநாள் விடியற்காலையில் வாங்கினால் பாதி விலை. சரக்கு ஒன்றே, நேரம்தான் வேறு. விலை குறையும்வரை காத்திருக்கத் தெரியாதவன் எப்படி வியாபாரம் பண்ணுவான்?

டீக்கடை அண்ணாச்சி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் பங்குக்கு ஒன்று சொன்னார்: "தம்பி, ஆடி மாசம் இந்த நேரத்துல மேக்கால பாத்து நாங்களே சைக்கிள எடுக்க மாட்டோம். படுத்துட்டு வெள்ளன போங்க." பத்து மார்க் விடையை ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் காற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை என்பது எனக்கு அன்று உறைத்தது. வயலுக்குப் போகிறவரும் மீன் விற்கிறவரும் காலையிலேயே போய்விடுகிறார்கள், காற்றுக்கு முன்னால். வீராப்பு எல்லாம் விருந்தாளிகளுக்குத்தான்.

தோழனை நிழலில் படுக்கவைத்து, பிடரியில் ஈரத்துணி போட்டு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் முகம் தெளிந்தது. பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் நாலரைக்குக் கிளம்பினோம். காற்று முழுதாக அடங்கியிருக்கவில்லை, பாதிதான் குறைந்திருந்தது. மகேந்திரகிரி இருட்டில் கரும்பூதம் மாதிரி நின்றது. இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதித்துப் பார்க்கும் வளாகம் அந்த மலையடியில்தான் இருக்கிறது. அங்கே அந்த இன்ஜின், இங்கே எங்கள் இன்ஜின் என்று சிரித்துக்கொண்டே மிதித்தோம். முதல் நாள் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டேகால் மணி நேரத்தில் கன்னியாகுமரி.

கல்லூரிக்குத் திரும்பியதும் "மூணு நாள்னு சொன்னீங்க, நாலாவது நாள்தானே முடிச்சீங்க" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"அப்படியானால் மன உறுதிக்கு இடமே இல்லையா? கஷ்டம் வந்ததும் படுத்துவிடலாமா?" என்று ஒரு நியாயமான கேள்வி வரும். மன உறுதிக்கு நிறையவே இடம் இருக்கிறது. சமவெளியில் வரும் கஷ்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று அலுப்பு. ரோடு நகரவில்லை, சீட்டில் உட்கார முடியவில்லை, தொடை எரிகிறது, எதற்கு இந்த வேலை என்று தோன்றுகிறது. இதைப் பொறுத்துக்கொண்டு மிதிக்கத்தான் வேண்டும். நாங்குநேரி வரைக்கும் எங்களுக்கு இருந்தது இந்தக் கஷ்டம்தான், அங்கே நின்றிருந்தால் அது சோம்பேறித்தனம். இரண்டாவது, உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. தலைவலி, குமட்டல், வெயிலில் குளிர், பதிலில் தடுமாற்றம். இதைப் பொறுத்துக்கொள்வது உறுதி ஆகாது. வங்கியில் பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் புத்தி களைத்துப்போனவனுக்கு இருக்காது, ஆகவே கூட வருபவன் பார்க்க வேண்டும். துணையோடு போவதன் முதல் பயன் காற்று மறைப்பதில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

வரலாற்றில் பெரிய சமவெளிகளைத் தாண்டியவர்களைப் பார்த்தாலும் கணக்கு வைத்தவர்கள்தான் தெரிகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளியை முதன்முதலில் சைக்கிளில் கடந்தவர் ஆர்தர் ரிச்சர்ட்சன். 1896-ல் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாளில் போனார். நல்லார்பார் என்றால் லத்தீனில் மரமே இல்லை என்று பொருள். அந்தக் காலத்தில் அங்கே ரோடு கிடையாது, தந்திக் கம்பி வரிசையைத் துணையாக வைத்துக்கொண்டு, சின்ன மூட்டையும் தண்ணீர்ப் பையுமாகப் போனவர். இன்றைக்கு அங்கே தார் ரோடு இருக்கிறது. ஒரே ஒரு வளைவுகூட இல்லாமல் 146.6 கிலோமீட்டர் நேராகப் போகும் துண்டும் அதில் உண்டு. சில இடங்களில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் 180 கிலோமீட்டர். அங்கே போகிறவன் நடுவில் மனசு மாறி நிறுத்த நினைத்தாலும் நிறுத்த இடமில்லை. ஆகவே கிளம்புவதற்கு முன்னாலேயே தண்ணீரையும் காற்றையும் நாளையும் கணக்குப் பண்ணிவிடுகிறான்.

நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் சமவெளியில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு டீக்கடை, ஒரு பஸ் நிறுத்தம், திண்ணையில் உட்காரச் சொல்லும் ஒரு மனுஷர் கிடைத்துவிடுகிறார். அந்தச் சௌகரியம் இருக்கும்போது நல்லார்பாரில் மாட்டிக்கொண்டவன் மாதிரி மிதிப்பதில் என்ன பெருமை?

ஒரே ஒரு சௌகரியம் மட்டும் நம்மிடம் குறைந்துவிட்டது, நிழல். பழைய ரோடுகளில் இரண்டு பக்கமும் புளியமரம் கை கோத்து நிற்கும். நிழலோடு காற்றுக்கும் அது ஒரு தடுப்பு. நான்கு வழியாக அகலப்படுத்தியபோது அவை வெட்டப்பட்டு, நட்ட நடுவில் அரளி வைத்தார்கள். எதிரே வரும் விளக்கு வெளிச்சம் காரோட்டியின் கண்ணில் படாமல் இருக்க அரளி உதவும். ஓரத்தில் சைக்கிளில் போகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்களைப் போல வருஷத்துக்கு ஒருமுறை வீம்புக்குப் போகிறவர்களுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஓரத்தில் தினமும் பள்ளிக்கூடத்துக்கு, வயலுக்கு, கடைக்கு மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கடினமான நாளை யாரும் பயணக் கட்டுரையாக எழுதுவதில்லை. ரோட்டின் இரண்டு ஓரத்திலும் மறுபடி புளியும் வேம்பும் வைத்தால் அதில் முதலில் உட்காரப்போவது அவர்கள்தான்.

ஆடியில் தெற்கே சைக்கிள் எடுத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இலக்கைக் கிலோமீட்டரில் போடாதீர்கள், மணியில் போடுங்கள். விடியற்காலை நாலரை முதல் பத்தரை வரை ஆறு மணி நேரம் மிதிப்பேன், அது எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே மதியம் என்று வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள், வெறும் தண்ணீரையே குடிக்காமல் நடுவே உப்பும் சேரட்டும். நாலு நாள் பயணத்துக்கு ஐந்தாவது நாள் ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள். எந்த வியாபாரியும் முதல் முழுவதையும் சரக்கில் போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நிற்பதில்லை. அப்புறம், ஊரில் யாரிடமும் "இத்தனை நாளில் முடிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். எதிர்காற்றில் நம்மை அதிகம் மிதிக்க வைப்பது அந்த வாய்தான்.